வாயால் சொல்லித் தீரும் விதிகள்

சித்தூர்ச் சீமையில் பாகாலாப் பக்கம் ஓர் ஆட்டம் பரவ வேண்டுமானால் அது வாய்வழியாகத்தான் பரவ முடியும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பள்ளியில் தெலுங்கு படிக்கிறது. அதனுடைய தோழன் வீட்டில் உருது. காட்பாடிக்கும் திருப்பதிக்கும் தர்மாவரத்துக்கும் தண்டவாளம் பிரிகிற சந்திப்பு என்பதால் வருவோர் போவோரும் அதிகம். இப்படிப்பட்ட ஊரில் நிலைத்து நின்ற ஆட்டம் எதுவானாலும், தெரிந்தவர் தெரியாதவருக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடியதாகவே இருந்திருக்கிறது. அச்சிட்ட விதிப் புத்தகம் வேண்டிய ஆட்டம் இங்கே காலூன்றியதில்லை.

மந்திரவாதிகள், பறவைநாகங்கள், அரக்கர் படைகள் இவற்றைச் சிறு பொம்மைகளாக மேசைமேல் நிறுத்தி, அங்குலக் கோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையைத் தீர்க்கிற மினியேச்சர் போர் ஆட்டம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பொழுதுபோக்கு. ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தப் பொம்மைகளைக் காணொளியில் பார்த்துவிட்டு, நாமும் ஆடலாமா என்று கேட்கும் இளைஞர்கள் இப்போது நம்மிடையேயும் உண்டு. பொம்மையைவிடப் பெரிய தடை அவர்களுக்கு விதிதான். எந்த விதியை எடுப்பது? இந்த ஆட்டத்துக்குப் பல மரபுகள், பல பள்ளிகள் இருக்கின்றன. விரைவான, எளிய விதிகளின் பள்ளியே நமக்கு உகந்தது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான அளவுகோல் நம் கோயில் தளத்திலேயே செதுக்கிக் கிடக்கிறது.

ஆடுபுலி ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். தெலுங்குக்காரர்கள் புலி மேக என்றும் புலிஜூதம் என்றும் ஆடுவதும் இதுவே. 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 இடங்கள். ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாகக் காயை இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. புலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடுத்திருக்கும் ஆட்டை ஒரே கோட்டில் தாண்டி, அப்பால் வெற்றிடம் இருந்தால் வெட்டலாம். புலிகள் மூன்றையும் அசையவிடாமல் கட்டிவிட்டால் ஆடு ஜெயித்தது. விதி இவ்வளவுதான்.

இதன் சிறப்பை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத போர் இது. ஒரு பக்கம் பலம், மறு பக்கம் எண்ணிக்கை. மேலைநாட்டு ஆட்டக்காரர்கள் ஓர் அரக்கனுக்கு எத்தனை கூளிப்படை ஈடாகும் என்று புள்ளிக் கணக்குப் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இங்கே 3-க்கு 15 என்ற ஒற்றை விகிதத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. பல தலைமுறைகள் ஆடி ஆடித் தேய்த்துக் கண்ட விகிதம் அது. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஆட்டம் தொடங்குமுன் அதைப் பேசி முடித்துக்கொள்வார்கள். காய் வாங்கக் காசு வேண்டாம். கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். தோற்றவருக்குத் தாம் எந்த இடத்தில் தவறினோம் என்று தெரியும். ஒரு போர் ஆட்டத்துக்கு இதைவிட உயர்ந்த தரம் எனக்குத் தெரியவில்லை.

சதுரங்கம் நம் இரண்டாவது மரபு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையை எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நிறுத்திய ஆட்டம் அது. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்திலேயே அதன் பெயர் வருகிறது. அதற்கு நால்வர் ஆடும் இன்னொரு வகையும் இருந்தது. 1030-ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்-பிரூனி அதை விவரித்திருக்கிறார். அந்த ஆட்டத்தில் பகடையில் விழும் எண்தான் இந்த முறை எந்தக் காயை நகர்த்தலாம் என்று தீர்மானிக்கும். பகடை அங்கே கொல்வதற்கு அல்ல, கட்டளையிடுவதற்கு. படைத்தலைவன் நினைத்ததெல்லாம் களத்தில் நடப்பதில்லை என்ற உண்மையை ஒரே உருட்டலில் காட்டும் அந்த உத்தி, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து இங்கிலாந்தில் வேறு உருவில் வந்ததைப் பிறகு சொல்கிறேன்.

படையின் அளவுக்கும் நம்மிடம் கணக்கு உண்டு. சித்தூர் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவைப் பார்த்தவர்களுக்கு அக்குரோணி என்ற சொல் பழக்கம். பாண்டவர் பக்கம் 7, கௌரவர் பக்கம் 11, ஆக 18 அக்குரோணி. ஓர் அக்குரோணிக்கு 21,870 யானை, அதே எண்ணிக்கையில் தேர், 65,610 குதிரை, 1,09,350 காலாள். இந்தப் பெரிய எண்களைப் பார்த்து மலைப்பவர்கள் அடியில் இருக்கும் சின்ன அலகைக் கவனிப்பதில்லை. அதற்குப் பத்தி என்று பெயர்: 1 யானை, 1 தேர், 3 குதிரை, 5 காலாள். மூன்று பத்தி ஒரு சேனாமுகம், மூன்று சேனாமுகம் ஒரு குல்மம் என்று மும்மும்மடங்காக ஏறி, கடைசியில் பத்து அனீகினி சேர்ந்து ஓர் அக்குரோணி ஆகிறது. நமக்கு வேண்டியது அந்த முதல் பத்திதான். பத்தே காய்கள், நான்கு வகை, 1, 1, 3, 5 என்ற விகிதம். ஒரு சாப்பாட்டு மேசையில் நிற்கும், ஒரு மாலையில் ஆடி முடியும். தயாராக இருக்கும் படைப்பட்டியல் இது.

இனி மேலை மரபுக்கு வருவோம். அங்கும் போர் ஆட்டம் சதுரங்கத்திலிருந்துதான் பிறந்தது. பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் 1780-இல் சதுரங்கக் கட்டங்களைப் பெருக்கி, நிலவகைகளைச் சேர்த்து ஒரு போர் ஆட்டம் செய்தார். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் கட்டங்களை விட்டுவிட்டு நிலப்படத்துக்கு மாறினார்கள். மகன் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் விதிகளைப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கே பயன்படுத்தினார்கள். அட்டவணை, கணக்கு, நடுவர் என்று அது நாளடைவில் கனத்துப் போயிற்று. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். கட்டுள்ள பள்ளி, கட்டற்ற பள்ளி என்ற பிரிவு அங்கே விழுந்தது. கட்டற்ற முறை வேகமானதுதான். ஆனால் இரு தரப்பும் மதிக்கும் ஒரு நடுவர் கிடைக்க வேண்டும். பிள்ளைகளுக்குள் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. ஆகவே நம் தொடக்கத்துக்கு அது ஆகாது.

பொதுமக்கள் கைக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். 1913-இல் வந்த லிட்டில் வார்ஸ் என்ற அவருடைய சிறு நூலின்படி காலாள் ஓரடி நகரும், குதிரை இரண்டடி. வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியால் உண்மையாகவே சுட்டு, விழுந்த பொம்மையை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நேர வரம்பு உண்டு. அந்த நேர வரம்பு இன்றைக்கும் பொன்னான விதி. யோசித்துக்கொண்டே இருப்பவரால் எதிராளி சலித்துப் போவதுதான் போர் ஆட்டங்களின் பெரும் நோய். வெல்ஸ் அதற்கு அன்றே மருந்து எழுதிவிட்டார்.

மாயமும் மந்திரமும் மேசைக்கு வந்தது 1971-இல். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிகளின் கடைசியில் ஒரு மாயப் பிற்சேர்க்கை இருந்தது. மந்திரவாதி எறியும் தீக்கோளத்துக்கு அதில் புது அட்டவணை எதுவும் போடவில்லை. பெரிய கவண்பொறியின் கல் எவ்வளவு இடத்தில் விழுமோ அவ்வளவு இடத்தை அது எரிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். புதிய அற்புதத்தைப் பழைய விதியாலேயே நடத்துவது சிக்கனத்தின் உச்சம். எந்த விதிநூலை எடுத்தாலும் முதலில் நான் பார்ப்பது இதைத்தான்: பத்து மாயங்களுக்குப் பத்து விதிகளா, ஒரே விதியா? அந்தப் பிற்சேர்க்கையின் வழியில்தான் 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்து தனி உலகமாக வளர்ந்தது.

1983-இல் இங்கிலாந்தில் வார்ஹேமர் வந்தது. இந்தத் துறையில் மிகப் பெரிய பள்ளி அதுதான். அழகான பொம்மைகள், அடர்த்தியான கதை, உலகெங்கும் ஆட்டக்காரர்கள். பதிப்புக்குப் பதிப்பு விதிகள் பருத்தன. 2010-இல் வந்த எட்டாம் பதிப்பு 500 பக்கங்களைத் தாண்டியது. அதற்கு மேல் ஒவ்வொரு படைக்கும் தனிப் புத்தகம். அந்தக் கதைக்காகவே பல பக்கங்கள் போயின. இராமாயணமும் பாரதமும் காதிலேயே ஊறிய நமக்கு அந்தப் பக்கங்களின் தேவை பாதி குறைந்துவிடுகிறது. கும்பகர்ணன் எப்படிப்பட்டவன் என்று இங்கே யாருக்கும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

2015-இல் வார்ஹேமரை வெளியிட்ட நிறுவனமே அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மாரைக் கொண்டுவந்தது. அடிப்படை விதிகள் நான்கே பக்கம், இலவசம். எளிமைப் பள்ளிக்கு மாபெரும் வெற்றி என்று தோன்றும். ஆனால் எந்தப் படைக்கு எந்தப் படை ஈடு என்று சொல்லும் புள்ளிக் கணக்கை அதில் சேர்க்கவில்லை. யார் அதிகப் பொம்மை வைத்திருக்கிறாரோ அவர் கை ஓங்கியது. அடுத்த ஆண்டே புள்ளிக் கணக்கோடு ஒரு கையேடு வெளியிட வேண்டியதாயிற்று. சுருக்கம் வேறு, எளிமை வேறு. ஆடுபுலியிலிருந்து 3-க்கு 15 என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் இதே குழப்பம்தான்.

விரைவுப் பள்ளியின் அடித்தளம் 1990-இல் வந்த டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ் என்ற பழங்காலப் போர் விதிகள். ஃபில் பார்க்கரும் அவருடைய தோழர்களும் செய்தது. ஒரு படைக்கு 12 அலகு, இரண்டடிச் சதுரக் களம், ஒரு மணி நேரத்துக்குள் முடிவு. மறு ஆண்டு அதையே மாய உலகுக்கு மாற்றி ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ் என்று வெளியிட்டார்கள். படைக்கு 24 புள்ளி. வாள்படைக்கு 2, கூட்டப்படைக்கு 1, நாயகனுக்கு 4, பறக்கும் நாயகனுக்கு 6. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணே நீங்கள் இடக்கூடிய கட்டளைகளின் அளவு. அல்-பிரூனி கண்ட உத்தியின் உறவு இங்கே தெரிகிறது அல்லவா? சண்டையில் இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டித் தத்தம் பலத்தோடு கூட்டுகிறார்கள். குறைந்தவர் பின்வாங்குவார், எதிராளியின் தொகையில் பாதியோ அதற்கும் கீழோ வந்தால் பெரும்பாலும் அந்த அலகு அழியும். உயிர்ப்புள்ளி எழுதி வைக்க வேண்டாம், காகிதமே வேண்டாம்.

வானரப்படை, கருடன், இராவணன், இந்திரஜித் எல்லாரும் இந்த வகைகளுக்குள் அடங்கிவிடுவதைப் பார்க்கும்போது, நம் புராணங்களுக்காகவே செய்த விதிகளோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. குறையும் சொல்ல வேண்டும். பார்க்கரின் ஆங்கிலம் சட்டப் புத்தகம்போல் இறுகியது. ஒரு வாக்கியத்தில் மூன்று விதிவிலக்குகள் இருக்கும். விளையாட்டு எளிது, படிப்பது கடினம். ஒருவர் படித்து மற்றவர்களுக்கு வாயால் சொல்வதே வழி. அப்படிச் சொல்லும்போது அது அழகாகத் தீர்ந்துவிடுகிறது. நம் பக்கத்து முறைக்கு அது பொருந்துவதன் காரணமும் அதுதான்.

படையாக இல்லாமல் ஐந்தாறு வீரர்களின் மோதலாக ஆட விரும்புகிறவர்களுக்கு 2007-இல் இத்தாலியின் ஆண்ட்ரியா ஸ்ஃபிலிகோய் எழுதிய சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ் இருக்கிறது. வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர் கணேசா கேம்ஸ் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டே எண்: தரம் ஒன்று, சண்டைத் திறன் ஒன்று. ஒரு வீரனை இயக்க ஒன்று, இரண்டு அல்லது மூன்று பகடை உருட்டலாம்; எத்தனை என்பது உங்கள் விருப்பம். தரத்தை எட்டும் ஒவ்வொரு பகடைக்கும் ஒரு செயல். இரண்டு பகடை தவறினால் முறை எதிராளிக்குப் போய்விடும். பேராசைப்பட்டு மூன்று உருட்டுவதா, நிதானமாக ஒன்று உருட்டுவதா என்ற அந்தத் தயக்கத்தில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. தாயம் ஆடிப் பழகிய கைகளுக்கு இது உடனே பிடிபடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேனியல் மெர்சியின் டிராகன் ராம்பண்ட் 2015-இல் வந்தது. நல்ல விதிகள், தெளிவான மொழி. ஆனால் முதல் உருட்டலே தவறினால் முறை முழுவதும் போய்விடும் என்பதால் சின்னப் பிள்ளைகள் மனம் உடைந்துபோகும். ஃப்ராஸ்ட்கிரேவ் மந்திரவாதிகளுக்கு உரியது. இருபது முகப் பகடை வேண்டும். அலெசியோ கவடோரே எழுதிய கிங்ஸ் ஆஃப் வாரில் அலகிலிருந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை, அலகு நிற்கும் அல்லது ஓடும். பெரிய படை வைத்திருப்பவர்களுக்கு அது நல்லது. ஒன் பேஜ் ரூல்ஸ் பெயருக்கேற்பச் சுருக்கமானது, அடிப்படை விதிகள் இலவசம், இருவரும் மாறி மாறி ஓர் அலகை இயக்குவதால் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை.

விதி எளிதானால் போர் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாமல் காப்பது களத்தின் நோக்கம். இதற்கு நம்மிடம் புறத்திணை இருக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. கோட்டையை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி, இரு படையும் ஒரே வெளியில் நேருக்கு நேர் நிற்பது தும்பை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இவற்றைத் தனித்தனியாகவே வகுத்து வைத்திருக்கிறது. ஒரே விதியை வைத்துக்கொண்டு வாரம் ஒரு திணை ஆடலாம். வெட்சிக்குப் பத்துப் புளியங்கொட்டையை ஆநிரையாக மேசை நடுவில் வையுங்கள்; தம் மேசை விளிம்புக்கு அதிகம் ஓட்டிச் சென்றவர் வென்றார். ஆநிரைப் போரில் மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் செங்கத்திலும் சித்தூர்ச் சீமையிலும் இன்றும் நிற்கின்றன. அந்த மண்ணில் ஆடுகிறவர்கள் வெளிநாட்டுச் சண்டைக்கதைகளைக் கடன் வாங்க வேண்டிய தேவை இல்லை.

பாரதப் போருக்கும் விதிகள் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. யானை யானையோடு, தேர் தேரோடு, பொழுது சாய்ந்தால் சண்டை நிற்கும், ஆயுதம் கீழே போட்டவரை அடிக்கக் கூடாது. பொழுது சாய்வதை ஆட்டத்தில் கொண்டுவாருங்கள்: எட்டாவது முறையோடு முடிவு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஆட்டம் இழுபடாது.

பொம்மைக்கு வருத்தப்பட வேண்டாம். வெளிநாட்டுப் பொம்மைகள் விலை அதிகம். திருப்பதியில் செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி இருக்கிறது, கொலுவுக்கு வாங்கிய சின்ன உருவங்கள் பரணில் தூங்குகின்றன, அட்டையில் வரைந்து வெட்டி நிறுத்தினாலும் போதும். நல்ல எளிய விதிக்கு அடையாளமே, பொம்மை மாறினாலும் ஆட்டம் கெடாமல் இருப்பது. தெய்வங்களைக் களத்தில் இறக்கலாமா என்ற தயக்கம் பெரியவர்களுக்கு வரும். அது நியாயமான தயக்கம். தெய்வம் வெட்டுப்பட்டது என்று ஒரு பிள்ளை சொல்வதை வீட்டில் யாரும் விரும்ப மாட்டார்கள். தெய்வங்களை விட்டுவிட்டு வீரர்களையும் அரக்கர்களையும் விலங்குகளையும் மட்டும் வைத்துக்கொண்டால் ஆட்டத்துக்கு எந்தக் குறையும் வராது.

என் தீர்ப்பு இது. வீரர் சிலரை வைத்துத் தொடங்குகிறவர்கள் சாங் ஆஃப் பிளேட்ஸை எடுங்கள். படை வைத்து ஆட விரும்புகிறவர்கள் ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸை எடுத்து, ஆளுக்கு ஒரு பத்தியோடு தொடங்கி, பழகியபின் அதன் 24 புள்ளிப் படைக்கு வாருங்கள். ஆங்கிலம் நன்றாகப் படிக்கிற ஒருவர் விதியைப் படித்து, ஒரு தாளின் ஒரு பக்கத்தில் தமிழிலும் மறுபக்கத்தில் தெலுங்கிலும் எழுதி வைக்கட்டும். அந்தத் தாளில் அடங்காத விதியை முதல் பருவத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். ஆடிப் பார்த்து மாற்றியதை அந்தத் தாளிலேயே திருத்தி எழுதி வையுங்கள்.